சுண்டுவிரல் இடித்தால் வலி ஏன் தாமதமாக வருகிறது?

நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறீர்கள். விளக்கைப் போடவில்லை. காலின் சுண்டுவிரல் கட்டில் காலில் நங்கென்று இடிக்கிறது. இடித்தது உடனே தெரிகிறது. கூடவே சுரீரென்று ஒரு குத்தலும் வருகிறது. ஆனால் ஆளையே மடக்கி உட்காரவைக்கிற அந்தப் பெரிய வலி இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்பது அனுபவத்தில் உங்களுக்கே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒரு நொடி போகிறது. வந்துவிட்டது, விண்விண்ணென்று.

ஒரே விரல், ஒரே இடி. சேதி மட்டும் ஏன் இரண்டு தவணையில் வந்து சேர்கிறது? இதற்குப் பதில் தேடிப் போனால், நரம்பு செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்ற கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு உயிரியலைச் சுத்தமாக மறந்துபோனவர்களை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு

தமிழில் 'நரம்பு' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். குளுக்கோஸ் ஏற்ற வந்த நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கலையே" என்பார். அவர் தேடுவது ரத்தக் குழாயை. 'நரம்பு ஊசி' போடுவதும் ரத்தக் குழாயில்தான். வாழையிலையில் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியிருந்ததும் நரம்பு. நீளமாக, மெலிதாக எது ஓடினாலும் நரம்பு என்றுவிடுவோம். இந்தக் கட்டுரையில் வருகிற நரம்பு தோலுக்கு மேலே பச்சையாகத் தெரிவது அல்ல. உள்ளே, தசைகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று கயிறு மாதிரி ஓடுவது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு ஏறக்குறைய விரல் தடிமன் இருக்கும். அந்தக் கயிற்றைப் பிரித்தால் ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு செல்லின் வால்.

அந்த செல்தான் நியூரான். அதற்கு ஓர் உடல் உண்டு. உடலிலிருந்து மரக்கிளைபோலப் பிரிகிற டெண்ட்ரைட்டுகள், மற்ற செல்கள் சொல்வதைக் கேட்கிற பகுதி. சொல்ல வேண்டியதைச் சுமந்துபோவது ஆக்ஸான் என்கிற நீண்ட வால். இது பொதுவான அமைப்பு. விரலிலிருந்து சேதி கொண்டுவருகிற செல் கொஞ்சம் வேறு மாதிரி: அதன் உடல் முதுகெலும்பின் ஓரமாக, இடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வாலின் ஒரு முனை கால்விரல் வரை இறங்கியிருக்கிறது, மறுமுனை தண்டுவடத்துக்குள் நுழைந்திருக்கிறது. கால்விரலுக்கு இறங்கும் வால் மட்டுமே ஏறக்குறைய 1 மீட்டர். ஒரே ஒரு செல்லுக்கு! அதன் உடலை 1,000 மடங்கு ஊதி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொண்டுவந்தால் வால் 1 கிலோமீட்டருக்கு நீளும்.

மனித மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. பழைய புத்தகங்களில் 10,000 கோடி என்று இருக்கும்; அது யாரோ தோராயமாகச் சொல்லி எல்லோரும் திருப்பிச் சொன்ன எண். பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹௌசெல் குழுவினர் மூளையைக் கரைசலாகவே ஆக்கி, அதில் மிதந்த செல் உட்கருக்களை எண்ணி 2009-ல் புதிய கணக்கைச் சொன்னார்கள்.

கம்பியில் ஓடும் மின்சாரம் அல்ல

நரம்பை மின்கம்பியோடு ஒப்பிடுவது வழக்கம். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஒப்பீடு பாதி வழியில் கவிழ்த்துவிடும். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு 1 மீட்டர் தூரம் ஒரு தூரமே அல்ல; சுவிட்சைப் போட்ட கையை எடுக்குமுன் பல்பு எரிந்துவிடும். நரம்பில் போகிற சேதியோ அதன் பக்கத்தில் ஆமை. 1850-ல் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பை வைத்து அதை அளந்தார். இந்த வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் முல்லர் எழுதியிருந்தார். சீடர் அளந்தபோது வந்தது நொடிக்குச் சுமார் 30 மீட்டர். நெடுஞ்சாலையில் போகிற ஆம்னி பஸ்ஸின் வேகம், அவ்வளவுதான்.

சரியான ஒப்பீடு வேண்டுமென்றால் தீபாவளிக்குப் போக வேண்டும். சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பற்ற வைக்கிறோம். முதல் வெடி வெடித்து அடுத்ததைப் பற்ற வைக்கிறது, அது அதற்கடுத்ததை. இந்த முனையில் வைத்த நெருப்பு அந்த முனைக்கு ஓடிப்போகவில்லை. ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த இடத்து மருந்துதான் வெடிக்கிறது. நரம்பிலும் இதுவே நடக்கிறது.

இங்கே மருந்து எது? உப்பு. நியூரானுக்கு வெளியே உள்ள திரவத்தில் சோடியம் அதிகம், உள்ளே இருப்பதைப்போல 10 மடங்குக்கும் மேல். பொட்டாசியம் நேர்மாறாக உள்ளே அதிகம், வெளியே இருப்பதைப்போல சுமார் 30 மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததல்ல. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் சின்னச் சின்னப் பம்புகள் ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ இந்தப் பம்பை 1957-ல் கண்டுபிடித்தார். அதற்கு நோபல் பரிசு வர 40 வருடம் ஆயிற்று. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் நாம் மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதில் பெரும் செலவு இந்த இறைப்பு வேலைக்கே.

பம்பு ஒரு பக்கம் இறைக்க, உள்ளே சேர்ந்த பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. அது நேர்மின் சுமை கொண்டது. வெளியே போகப் போக உட்புறம் எதிர்மின்னாக மாறுகிறது. சும்மா இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக நிற்பது இப்படித்தான். டார்ச் லைட் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு. சவ்வின் கனத்தைப் பார்த்தால் இது அற்பமல்ல. மீட்டரில் 100 கோடியில் 7 பங்கு கனமே உள்ள சவ்வு அது. 1 சென்டிமீட்டர் கனத்துக்குக் கணக்குப் போட்டால் 1 லட்சம் வோல்ட் வரும். வெடி என்று சொன்னது இதனால்தான்.

விரல் நசுங்கும்போது அங்கிருக்கும் நரம்பு நுனியில் சில வாயில்கள் திறந்து நேர்மின் சுமை உள்ளே கசிகிறது. மைனஸ் 70 மெல்ல ஏறி மைனஸ் 55-ஐ ஒட்டி வந்ததும் சோடியத்துக்கென்றே இருக்கிற வாயில்கள் படபடவெனத் திறந்துகொள்கின்றன. சோடியம் உள்ளே கொட்டுகிறது. உட்புறம் பிளஸ் 30-ஐத் தாண்டி ஏறுகிறது. உடனே சோடிய வாயில்கள் தாமாக மூடிக்கொள்ள, பொட்டாசிய வாயில்கள் திறந்து எல்லாம் பழைய நிலைக்கு இறங்குகிறது. மொத்தக் கூத்தும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் பக்கத்துச் சவ்வில் மின்னழுத்தம் ஏறி அங்கேயும் வாயில்கள் திறந்திருக்கும். அடுத்த வெடி.

சரவெடிக்குள்ள குணமெல்லாம் இதற்கும் உண்டு. கடைசி வெடி முதல் வெடி அளவுக்கே சத்தமாக வெடிக்கும். 1 மீட்டர் ஓடிவந்தும் சேதி தேய்வதில்லை. தீக்குச்சியால் வைத்தாலும் தீப்பந்தத்தால் வைத்தாலும் வெடி ஒரே மாதிரிதான் வெடிக்கும்; லேசாக இடித்தாலும் பலமாக இடித்தாலும் ஒவ்வொரு துடிப்பும் ஒரே உயரம். வெடித்த இடம் உடனே மறுபடி வெடிக்காது என்பதால் சேதி வந்த வழியே திரும்பிப் போகாது. ஒரே வித்தியாசம், நரம்பு சில மில்லி நொடிகளில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்ளும். அப்படியானால் பலமான இடி என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? நொடிக்கு எத்தனை துடிப்பு வருகிறது என்ற எண்ணிக்கையை வைத்து. பலமாக இடித்தால் அதிகத் துடிப்பு, அதிக இழைகளில். இதை 1920-களில் காட்டியவர் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன்.

இந்த வாயில் கணக்கை நமக்குச் சொல்லிக்கொடுத்தது கணவாய். வறுவலுக்கு வாங்குகிறோமே, அதே இனம். எதிரியைக் கண்டால் பின்பக்கமாகப் பாய்ந்து தப்புவதற்காக அதன் உடலில் ஒரு ராட்சத ஆக்ஸான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர், சிலவற்றில் 1 மில்லிமீட்டர் கூட. கண்ணால் பார்க்கலாம், உள்ளே கம்பியே செருகலாம். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் 1939-ல் அதைத்தான் செய்தார்கள். முதல் அளவு கிடைத்த கையோடு உலகப்போர் வந்துவிட்டது. போர் முடிந்து திரும்பிவந்து, 1952-ல் முழுக் கணக்கையும் சமன்பாடுகளாக எழுதினார்கள். அப்போது கேம்பிரிட்ஜின் கணினி வேலை செய்யவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றுகிற கணக்கு எந்திரத்தில் வாரக்கணக்காகச் சுற்றிச் சுற்றி விடை கண்டார். 1963-ல் நோபல்.

பல் பிடுங்குமுன் போடுகிற மரத்துப்போகும் ஊசி, லிக்னோகெய்ன், இந்தச் சோடிய வாயிலைத்தான் அடைக்கிறது. சரவெடியில் நடுவே நாலு வெடியை நனைத்துவிட்டால் எப்படி? பல்லைப் பிடுங்குவது நடக்கிறது, சேதி போகவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்தால் உதட்டோரம் ஒழுகுவதும் அதே நனைந்த சரம்தான்.

இரண்டு தவணை

இப்போது சுண்டுவிரலுக்கு வரலாம். ஆம்னி பஸ் வேகம் எல்லா நரம்பு இழைக்கும் பொருந்தாது. சில ஆக்ஸான்கள் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றப்பட்டிருக்கும், நடுநடுவே கணுக்கள் விட்டு. கரும்பைப்போல. உறையுள்ள இடத்தில் வெடிக்க வேண்டியதில்லை. கணுவுக்குக் கணு மட்டும் வெடித்துத் தாவித் தாவிப் போகலாம். தடித்து உறை போட்ட இழைகளில் சேதி நொடிக்கு 100 மீட்டரைக்கூடத் தாண்டும். தொடு உணர்வு இந்த வேக வகை இழைகளில் வருகிறது. முதல் சுரீர் மெல்லிய உறை போட்ட இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டரில் வருகிறது. அந்த விண்விண் இருக்கிறதே, அது உறையே இல்லாத, மிக மெல்லிய இழைகளில் நொடிக்குச் சுமார் 1 மீட்டரில் நடந்து வருகிறது. கால்விரலிலிருந்து இடுப்புவரை 1 மீட்டர். கணக்கு சரியாக இருக்கிறதா? அந்த ஒரு நொடி அவகாசம் அதுதான். மூக்கில் இடித்துக்கொண்டால் இப்படிக் காத்திருக்க நேரம் கிடைக்காது, தூரம் குறைவு.

வால் முடிந்த இடத்தில்

இதுவரை ஒரு செல்லுக்குள் நடந்ததைத்தான் சொன்னேன். பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. சேதி தண்டுவடத்துக்குள் வந்ததும் வால் முடிகிறது. அடுத்த செல்லுக்குத் தர வேண்டும்.

அடுத்த செல் தொட்டுக்கொண்டிருக்கிறதா, இல்லையா? இதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. இத்தாலியின் கமிலோ கோல்கி 1873-ல் வெள்ளி உப்பை வைத்து நரம்பு செல்களைக் கறுப்பாக்கிப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். மூளை முழுவதும் ஒட்டிப் பின்னிய ஒரே வலை என்றார். ஸ்பெயினின் ரமோன் இ கஹால் அதே முறையைக் கையாண்டு, அதைவிடப் பொறுமையாகப் பார்த்து, ஒவ்வொன்றும் தனித்தனி செல், ஒட்டவே இல்லை என்றார். 1906-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். ஒரே மேடை. கோல்கி தன் ஏற்புரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். கஹால் சொன்னதே சரி என்பது 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபிறகு கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு செல்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று 1897-லேயே பெயர் வந்துவிட்டது. சார்லஸ் ஷெரிங்டன் வைத்தது.

இடைவெளி உண்டென்றால் சேதி அதை எப்படித் தாண்டும்? மின்பொறி தாவுகிறது என்றது ஒரு கட்சி. ஏதோ ஒரு ரசாயனம் கசிகிறது என்றது இன்னொன்று. ஆங்கிலேயர்கள் இதைப் பொறிக் கட்சி, சூப்புக் கட்சி என்று கிண்டலடித்தார்கள். நம்மூரில் நடந்திருந்தால் ரசக் கட்சி என்றிருப்போம்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி 1921-ல் வெளியிட்ட சோதனையைப் போல எளிமையான சோதனையை நான் படித்ததில்லை. அவரே பின்னாளில் சொன்ன கதை இது. ஓர் இரவு கனவில் சோதனை முழுசாக வந்தது. எழுந்து துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. நாளெல்லாம் தவித்தார். மறுநாள் இரவு 3 மணிக்கு அதே கனவு. இந்த முறை எழுதிக்கொண்டிருக்கவில்லை. நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள், உப்புநீரில் துடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதை எந்த நரம்பும் தொடவில்லை. அதுவும் மெதுவானது. நீரில் ஏதோ இருந்திருக்கிறது!

அந்த 'ஏதோ' அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. 1936-ல் ஹென்றி டேலோடு சேர்த்து லோவிக்கு நோபல் கிடைத்தது. யூதரான அவரை 1938-ல் நாஜிகள் கைது செய்து, பரிசுப் பணத்தைத் தங்கள் வங்கிக்கு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே நாட்டை விட்டுப் போகவிட்டார்கள்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

மூளைக்குள் இருக்கிற சினாப்ஸ்களை விட நரம்பு தசையைச் சந்திக்கிற இடம் புரிந்துகொள்ள லேசு. அங்கே ஒரே ஒரு கட்டளைதான்: சுருங்கு.

துடிப்பு வால்நுனிக்கு வருகிறது. வந்ததும் கால்சியத்துக்கான வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே நுழைந்ததும், நுனியில் அடுக்கிவைத்திருக்கிற நுண்ணிய பைகள் சவ்வோடு ஒட்டி வாய் திறக்கின்றன. ஒவ்வொரு பையிலும் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். அவை இடைவெளியில் பரவி, எதிர்க்கரையில் தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்காருகின்றன. பூட்டில் சாவி நுழைவதுபோல. ஏற்பி திறக்கிறது, தசைக்குள் சோடியம் பாய்கிறது, தசை சுருங்குகிறது. சேதி இடைவெளியைத் தாண்டுவது ஏறக்குறைய 1 மில்லி நொடிக்குள்.

இதோடு முடிந்தால் சுருங்கிய தசை சுருங்கியபடியே நிற்கும். எனவே துடைத்துக் கழுவ ஆள் வேண்டும். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இடைவெளியிலேயே காத்திருந்து, ஒவ்வொன்றும் நொடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலினை வெட்டித் தள்ளுகிறது. பேசுவதற்கு எவ்வளவு ஏற்பாடோ, பேச்சை நிறுத்துவதற்கும் அவ்வளவு ஏற்பாடு.

இந்த ஒவ்வொரு படியையும் உடைக்கிற விஷம் ஒன்று உலகில் எங்காவது இருக்கிறது. விஷங்களைப் பார்த்தே விஞ்ஞானிகள் இந்தப் படிகளைப் பிரித்துக் கண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் குராரேயை 1850-களில் பிரான்சின் கிளாட் பெர்னார் தவளையில் சோதித்தார். நரம்பு நன்றாக இருக்கிறது. தசையை நேரே தூண்டினால் சுருங்குகிறது. நரம்பைத் தூண்டினால் மட்டும் தசை அசையவில்லை. கோளாறு இரண்டுக்கும் நடுவே! நடுவே என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

நம்மூரில் இதைக் கட்டுவிரியன் செய்கிறது. இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போகும். பெரிய வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல் பட்ட தடமே சில சமயம் தெரியாது. எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. விடியும்போது கண் இமை தூக்க வராது. பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியாக மூச்சுக்கான தசைகள் நிற்கும். அதுவரை நினைவு இருக்கலாம். சேதி தசைக்குப் போகவில்லை, அவ்வளவே. கட்டுவிரியனின் விஷம் முக்கியமாக நரம்பு நுனியைத் தாக்கி, பைகள் இருக்கும் இடத்தையே நாசமாக்குகிறது. நல்ல பாம்பின் விஷம் எதிர்க்கரையில் ஏற்பியின் மேல் உட்கார்ந்து பூட்டை அடைக்கிறது. நோயாளி ஒரே மாதிரிதான் கிடப்பார், ஆனால் வைத்தியத்தில் வித்தியாசம் உண்டு. நல்ல பாம்புக் கடிக்கு, கழுவித் தள்ளும் நொதியை அடக்குகிற நியோஸ்டிக்மின் கொடுத்தால் அசிட்டைல்கோலின் பெருகி விஷத்தோடு போட்டி போடும், இமை தூக்கும். கட்டுவிரியனுக்கு அது பெரும்பாலும் பலிக்காது, வெளியே விடுவதற்குச் சரக்கே இல்லையே. நுனி மறுபடி வளரும்வரை நாட்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். விஷமுறிவு மருந்தும் ஏற்கனவே அழிந்த நுனியைத் திரும்பத் தராது. அதனால்தான் சந்தேகம் வந்த உடனே, மந்திரிக்கப் போகாமல், ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்கிறார்கள்.

அந்த முறிவு மருந்துக்கு மூலப்பொருள் பாம்பு விஷமேதான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறது. பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னொரு விசித்திரம்: அசிட்டைல்கோலின் ஏற்பி என்ற பொருளை முதன்முதலில் பிரித்தெடுக்க உதவியதும் கட்டுவிரியன்தான். தைவானில் இருக்கும் அதன் உறவுக்காரப் பாம்பின் விஷத்தில் ஒரு பகுதி, ஏற்பியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதைத் தூண்டிலாக்கி 1970 வாக்கில் ஏற்பியை இழுத்து வெளியே எடுத்தார்கள்.

கழுவும் நொதியை முடக்குவது பூச்சி மருந்து. விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்து, 'மருந்து அடிக்கப் போறேன்' என்று சொல்கிற வழக்கத்தை என்ன சொல்ல! ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் நொதியை மட்டுமல்ல, மூக்கை மூடாமல் தெளிக்கிற மனிதரின் நொதியையும் கட்டிப்போடும். பேச்சு நிற்காமல் ஓடும். எச்சில், வியர்வை, கண்ணீர் ஒழுகும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். தசை துடித்து ஓயும். டாக்டர்கள் உடனே அட்ரோபின் ஏற்றுவது ஏற்பிகளில் ஒரு வகையை மூடி அந்தக் கூச்சலை அடக்கத்தான்.

சிலருக்கு விஷமே வேண்டியதில்லை. மயஸ்தீனியா கிரேவிஸ் நோயில் உடலின் சொந்த எதிர்ப்பு சக்தி ஏற்பிகளைத் தாக்குகிறது. காலையில் நன்றாக இருக்கும் இமை சாயங்காலம் தொங்கும். இது குராரே விஷம்போலவே இருக்கிறதே என்று யோசித்த மேரி வாக்கர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1934-ல் குராரேக்கான முறிவையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை எழுந்தது. அந்த வழியில் வந்த மருந்துகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

'சும்மா இரு' என்றும் சொல்ல வேண்டும்

தசையிடம் நரம்பு 'சுருங்கு' என்று மட்டும் சொல்லும். நியூரானும் நியூரானும் பேசும்போது இன்னொரு சொல் கூடுகிறது: 'சும்மா இரு'. இடைவெளியைத் தாண்டிச் சேதி கொண்டுபோகும் ரசாயனத்துக்குக் கடத்தி என்று பெயர். மூளையில் குளுட்டமேட் பெரும்பாலும் தூண்டுகிற கடத்தி, காபா அடக்குகிறது; தண்டுவடத்தில் கிளைசீனும் அடக்கும். ஒரே நியூரானின் மேல் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் உட்கார்ந்திருக்கும். சில 'ஏறு' என்னும், சில 'இறங்கு' என்னும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மைனஸ் 55-ஐத் தொட்டால் வெடி, இல்லையென்றால் மௌனம்.

இந்த அடக்கும் பேச்சின் அருமை அது நின்றுபோனால்தான் தெரியும். ரண ஜன்னி என்று பெரியவர்கள் பயந்த டெட்டனஸ் அதுதான். அதன் நஞ்சு நரம்பு வழியே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்துக்குள் போய், அடக்குகிற செல்கள் தங்கள் பைகளைத் திறக்கவிடாமல் செய்துவிடும். கையை மடக்கும் தசைக்கும் நீட்டும் தசைக்கும் ஒரே நேரத்தில் 'சுருங்கு' என்ற கட்டளை போகும். பல் கிட்டித்துக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும். துருப்பிடித்த ஆணி குத்தினால் டி.டி. ஊசி போடச் சொல்வது இதற்குத்தான். துருவால் வருவதல்ல, மண்ணிலுள்ள கிருமியால் வருவது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இது படாத பாடு படுகிறது. டோபமைன் என்றால் மகிழ்ச்சி, செரட்டோனின் என்றால் நிம்மதி என்று பட்டியல் போடுகிறார்களே, எந்தக் கடத்திக்கும் அப்படி நிரந்தர அர்த்தம் கிடையாது. லோவியின் தவளை இதயத்தை மெதுவாக்கியதும் அசிட்டைல்கோலின்தான், நம் கையை மடக்குவதும் அதேதான். கேட்கிற பக்கத்து ஏற்பி எது என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. டோபமைன் தயாரிக்கும் செல்கள் மூளையின் ஓரிடத்தில் அழிந்தால் வருவது சோகம் அல்ல, கை நடுக்கமும் உடல் விறைப்பும், பார்க்கின்சன் நோய். காலைக் காபியும் புதிதாக எதையும் ஊற்றித் தருவதில்லை. களைப்பைச் சொல்லவரும் அடினோசின் உட்காரும் ஏற்பியில் காஃபீன் முந்திப் போய்த் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறது.

கட்டில் காலில் இடித்துக்கொண்டவரை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறோம். விண்விண் வந்ததும் அவர் என்ன செய்வார்? குனிந்து விரலைப் பிடித்துப் பரபரவென்று தேய்ப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, குழந்தைகூடச் செய்யும். கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருக்கும். அது பிரமை இல்லை. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். விவரங்கள் பிறகு மாறினாலும் அடிப்படை நிற்கிறது. தேய்க்கும்போது எழும் தொடு உணர்வு உறை போட்ட வேக இழைகளில் தண்டுவடத்துக்கு வந்து, அங்கே அடக்குகிற ஒரு செல்லைத் தட்டி எழுப்புகிறது. வலி கொண்டுவந்த மெதுவான இழை தன் சேதியை ஒப்படைக்கப் பார்க்கிற அதே சினாப்ஸில் அந்தச் செல் குறுக்கே புகுந்து, 'சும்மா இரு' என்கிறது.